மாமை இழத்தல்

பெண்ணின் மேனி நிறத்தைச் சொல்லத் தமிழில் மிகப் பழைய சொற்கள் இரண்டு உண்டு: மாமை, பசலை. மாமை மாந்தளிரின் நிறம், அழகின் நிறம். பசலை, பிரிவாற்றாமையில் மேனியில் படரும் மஞ்சள் பாய்ந்த வெளிறல், நோயின் நிறம். குறுந்தொகை 27ஆம் பாடலில் வெள்ளிவீதியார் என்னும் பெண் புலவர், தனக்கும் ஆகாமல் தலைவனுக்கும் உதவாமல் தன் மாமை அழகு பசலைக்கு இரையாகிறதே என்று வருந்துகிறார். திருக்குறளிலும் பசப்புக்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. வெளிறுவதைத் துயரமாகக் கண்ட மொழி நம்முடையது.

இந்தப் பாடலை நடத்தும்போது மாணவிகள் சிரிக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த உலகம் வேறு. நாகமலை புதுக்கோட்டையிலிருந்து மதுரைக்குள் போகும் வழியெங்கும் அழகு நிலையங்கள். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் ஃபேசியல், நிச்சயம் முடிந்தால் கெமிக்கல் பீல்.

தோலைத் தேய்ப்பது நமக்குப் புதிதல்ல. பாசிப்பயறு மாவு, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ, காய்ந்த பீர்க்கங்காய் நார் எல்லாம் அழுக்கையும் இறந்த செல்களையும் அகற்றத்தான். ஆனால் பாட்டி வைத்தியம் என்று இதை மட்டும் புனிதமாக்க வேண்டியதில்லை. நலங்கு மாவு மணப்பெண்ணைப் பார்வைக்குத் தயார்செய்தது. அதே வீட்டில் கணவனை இழந்தவளுக்கு மஞ்சள் மறுக்கப்பட்டது. பெண்ணின் தோல் அன்றும் அவள் கையில் மட்டும் இல்லை.

அமிலத்தால் தோலை உரிக்கும் முறை மருத்துவத்தில் தொடங்கியது. 1882இல் ஜெர்மானியத் தோல் மருத்துவர் பால் கெர்சன் உன்னா, சாலிசிலிக் அமிலம், பீனால் போன்றவை தோலில் என்ன செய்கின்றன என்று விவரித்தார். 1974இல் அமெரிக்காவில் வான் ஸ்காட்டும் ரூயி யூவும் பழ அமிலங்களைப் பற்றி எழுதியது, மீன் செதில்போலத் தோல் தடிக்கும் நோய்க்காக. கரும்பில் இருக்கும் கிளைகாலிக் அமிலமும் தயிரில் இருக்கும் லாக்டிக் அமிலமும் இந்த வகைதான். இறந்த செல்களை ஒட்டவைத்திருக்கும் பிணைப்பை இவை தளர்த்துகின்றன, மேல்தோல் உதிர்ந்து புதிது மேலே வருகிறது. பருத் தழும்புக்கும் மங்குவுக்கும் இது உதவக்கூடும்.

ஆனால் பெரும்பாலும் வெள்ளைத் தோலை வைத்து வளர்ந்த சிகிச்சை இது. நம் போன்ற மாநிறத்திலும் கருநிறத்திலும் தோல் புண்பட்டால் மெலனின் கூடுதலாகச் சுரந்து, ஆறிய இடம் கருத்துப்போகும். வெளுக்க வேண்டும் என்று அமிலத்தை ஆழமாகச் செலுத்தினால், மாதக்கணக்கில் மறையாத கரும்படை மிஞ்சலாம். மதுரை வெயில் அதை இன்னும் கூட்டும்.

1975இல் ஃபேர் அண்ட் லவ்லி சந்தைக்கு வந்தது. வேலையும் வரனும் சிவப்பழகோடு சேர்த்து விற்கப்பட்டன. 2009இல் சென்னையின் 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு, கருப்பும் அழகே என்று ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. 2020இல் அமெரிக்காவில் கறுப்பர் உரிமைப் போராட்டம் எழுந்தபோது, அந்த களிம்பு தன் பெயரை க்ளோ அண்ட் லவ்லி என்று மாற்றிக்கொண்டது. மொழி கற்பிப்பவளாக நான் கவனிப்பது இந்தச் சொல் மாற்றத்தைத்தான். இன்று அழகு நிலையத்தில் யாரும் 'வெள்ளை' என்பதில்லை. 'பொலிவு', 'பளபளப்பு', 'டெக்ஸ்சர்' என்கிறார்கள். சொல் போய்விட்டது. பெண் பார்க்கும் கூடத்தில் கேள்வி அப்படியே இருக்கிறது.

தழும்பு உறுத்தினால் சிகிச்சை எடுப்பது நம் விருப்பம், அதில் குற்றவுணர்வு வேண்டாம். என்ன அமிலம், எத்தனை சதவீதம், செய்பவர் தோல் மருத்துவரா, நம் நிறத்துக்கு ஏற்றதா என்று கேட்போம். வெளுப்பதற்காக என்று பிறர் அனுப்பினால், வெள்ளிவீதியாரை நினைத்துக்கொள்வோம். அவர் இழந்துவிடுவோமோ என்று கலங்கிய நிறத்தைத்தான் பணம் கட்டி உரித்துவரச் சொல்கிறார்கள்.