களைப்பா, நோயா?

1955 ஜூலை 13ஆம் நாள் இலண்டன் ராயல் ஃபிரீ மருத்துவமனையில் ஒரு மருத்துவரும் ஒரு தலைமைத் தாதியும் நோயாளிகளாகச் சேர்க்கப்பட்டனர். தலைவலி, தொண்டைவலி, தலைசுற்றல், கைகால் உளைச்சல். அடுத்த பன்னிரண்டு நாள்களில் பணியாளர்கள் வரிசையாகப் படுத்துவிட, மருத்துவமனையையே மூட வேண்டியதாயிற்று. அக்டோபர் 5ஆம் நாள்தான் மீண்டும் திறந்தார்கள். நவம்பர் வரை பாதிக்கப்பட்ட பணியாளர்கள் 292 பேர். விந்தை என்னவென்றால், ஏற்கெனவே அங்கே சிகிச்சை பெற்றுவந்த நோயாளிகளில் 12 பேரை மட்டுமே அந்நோய் தொட்டது.

இரத்தத்தைச் சோதித்தார்கள், முதுகுத்தண்டு நீரைச் சோதித்தார்கள். பெரும்பாலும் குறை ஏதும் தென்படவில்லை. ஆயினும் தசைகள் வலுவிழந்து, சிலர் ஆண்டுக்கணக்கில் தேறாமல் கிடந்தனர். தொற்றுநோய் மருத்துவரான மெல்வின் ராம்சே இவர்களை விடாமல் கவனித்துவந்தார். 1956இல் 'லான்செட்' மருத்துவ ஏடு 'மையால்ஜிக் என்செபலோமைலைட்டிஸ்' என்ற பெயரை முன்வைத்தது. உயிர்ச்சேதம் இல்லாததால் 'தீங்கற்ற' என்று ஓர் அடைமொழியும் சேர்ந்தது. படுக்கையில் கிடந்தவர்களைக் கேட்டுச் சூட்டியதல்ல அது!

1969இல் உலகச் சுகாதார நிறுவனம் இதை நரம்பு மண்டல நோய்களின் பட்டியலில் வைத்தது. மறு ஆண்டே மெக்இவெடி, பியர்ட் என்னும் மனநல மருத்துவர் இருவர், இலண்டனில் நடந்தது கூட்டு ஹிஸ்டீரியா என்று எழுதினர். நோயாளி ஒருவரையும் அவர்கள் நேரில் சோதிக்கவில்லை. பழைய மருத்துவக் குறிப்புகளைப் படித்தே முடிவுக்கு வந்தனர். பாதிக்கப்பட்டோரில் பெண்கள் அதிகம் என்பதும் அவர்கள் காட்டிய காரணங்களுள் ஒன்று. இந்த ஒரு சொல் பல ஆண்டுகள் நோயாளிகளைத் துரத்தியது.

1984இன் இறுதியில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், தாஹோ ஏரிக்கரையில் உள்ள இன்கிளைன் வில்லேஜ் என்ற ஊரில் இதே போன்ற நோய் பரவியது. பீட்டர்சன், செனி என்ற மருத்துவர்கள் அரசுக்குத் தெரிவித்தனர். ஆய்வாளர்கள் வந்து பார்த்தனர். 1988இல் வந்த பெயர் 'நாட்பட்ட களைப்பு நோய்த்தொகுப்பு'. பெயரே வினையாகிவிட்டது. களைப்பு யாருக்குத்தான் இல்லை? தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று வீட்டாரும் சொன்னார்கள், மருத்துவரும் சொன்னார்.

நோயைக் கண்டறிவதில் உள்ள சிக்கலே வேறு. இதற்கென்று இரத்தப் பரிசோதனை கிடையாது. தைராய்டு, இரத்தசோகை, மனச்சோர்வு, உறக்கக் கோளாறு என ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வரவேண்டும். உழைத்தபின் நிலை மோசமாவதே இந்நோயின் முக்கிய அடையாளம். அதுவும் உடனே வராது. பல வேளைகளில் ஒருநாள், இரண்டுநாள் கழித்தே வந்து ஆளைச் சாய்க்கும். மருத்துவர்முன் பத்து நிமிடம் நிமிர்ந்து அமர்ந்திருப்பவரிடம் அது எப்படித் தெரியும்? அதற்குப்பின் இருட்டறையில் அவர் கிடக்கும் நாள்களை எந்த மருத்துவர் பார்த்தார்?

2015இல் அமெரிக்க மருத்துவக் கழகம் வெளியிட்ட அறிக்கை, அந்நாட்டில் இந்நோய் கண்டோரில் 84 முதல் 91 விழுக்காட்டினர் இன்னும் கண்டறியப்படாமலே இருக்கலாம் என்றது. உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டுங்கள் என்று 2007இல் பரிந்துரைத்த இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு, 2021இல் அதைக் கைவிட்டது. நோயை உறுதிப்படுத்த மூன்று மாத அறிகுறிகளே போதும் என்றும் அறிவித்தது. அதற்குள் கோவிட் வந்துவிட்டிருந்தது; தொற்று நீங்கியும் எழ முடியாத புதியவர்கள் பலர் அதே மருத்துவமனை வரிசையில் வந்து நின்றார்கள்.