பூட்டிய பாடசாலையும் புலப்படாத உழைப்பும்

2020ஆம் ஆண்டு மே மாதத்தில், ஊரடங்கு தளர்த்தப்பட்டிருந்த ஒரு காலை வேளையில், எங்கள் ஊர்ச் சங்கக்கடையின் முன்னால் அரிசிக்கும் பருப்புக்குமாக வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் நின்றவர் என் வகுப்பு மாணவன் ஒருவனின் தந்தை, மேசன் தொழிலாளி. இரண்டு மாதமாக அவருக்கு வேலையில்லை. "உங்களுக்கென்ன சேர், பள்ளிக்கூடமும் இல்லை, சம்பளமும் வருகுது" என்றார். அவர் குரலிற் பகையில்லை. கண்டதைச் சொன்னார், அவ்வளவே. நானும் சிரித்துச் சமாளித்தேன். அன்றிரவு பதினொரு மணியளவில், அவருடைய மகன் அனுப்பிய கொப்பிப் பக்கத்தின் மங்கலான படத்தைக் கைத்தொலைபேசியிற் பெரிதாக்கித் திருத்திக்கொண்டிருந்தபோது அந்தச் சொற்கள் மீண்டும் காதில் விழுந்தன.

பாடசாலைகள் 2020 மார்ச் 13ஆந் திகதி மூடப்பட்டன. அன்றிலிருந்து ஏறக்குறைய இரண்டரை இலட்சம் அரசாங்க ஆசிரியர்கள் மேற்படி வாசகத்தை ஏதோவொரு வடிவத்திற் கேட்டிருப்பர். கடைத்தெருவிற் கேட்டது பின்னர் மேடையிலும் தொலைக்காட்சியிலும் கேட்டது. 2020 மே மாதத்தில் ஜனாதிபதியின் செயலாளரே அரச ஊழியர்கள் தம் அம்மாதச் சம்பளத்தையோ அதிலொரு பகுதியையோ அரசுக்கு விட்டுக்கொடுக்குமாறு கடிதம் எழுதினார். வேலையின்றிச் சம்பளம் பெறுபவர் என்ற எண்ணத்திற்கு உத்தியோக முத்திரையும் கிடைத்தது போலாயிற்று. ஆயினும் இவ்வெண்ணம் கொரோனாவோடு பிறந்ததன்று. அதற்கு நூற்றைம்பது ஆண்டு வயதுண்டு.

இலங்கையிற் பொதுப் போதனைத் திணைக்களம் 1869இல் நிறுவப்பட்டது. அதன் முதற் பணிப்பாளர் லோறி என்பார், இங்கிலாந்தில் 1862ஆம் ஆண்டின் கல்விக்கோவை புகுத்திய முறையொன்றை இங்கும் கொண்டுவந்தார். பெறுபேற்றுக்கேற்பப் பணம் கொடுத்தல் என்பதே அம்முறை. பரிசோதகர் ஒரு நாள் வருவார். வாசிப்பு, எழுத்து, கணக்கு என்பவற்றிற் பிள்ளைகளைச் சோதிப்பார். எத்தனை பேர் தேறினார்களோ அந்த அளவுக்கு உதவிப் பாடசாலைக்கு நன்கொடை கிடைக்கும். அந்த ஒரு நாளிற் பிள்ளை காய்ச்சலிற் கிடந்தாலும், வயல்வேலைக்குப் போயிருந்தாலும், அப்பிள்ளைக்காக ஆண்டு முழுவதும் ஆசிரியர் பட்ட பாடு கணக்கில் வராது. அம்முறை பின்னர் கைவிடப்பட்டது. ஆனால் கண்ணாற் காணக்கூடியதே உழைப்பு, காணாதது உழைப்பன்று என்ற அதன் தத்துவம் கைவிடப்படவில்லை.

உதவிப் பாடசாலைகளின் காலத்தில் ஆசிரியரின் வேலையைக் காண்பவர் முகாமையாளர். அவர் முகங்கோணாது நடப்பதே வேலைக்குப் பாதுகாப்பு. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் அவ்வாண்டு டிசம்பரில் உதவிப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசாங்கத்தின் கைக்கு மாறின. முகாமையாளரின் தயவிலிருந்து ஆசிரியர் விடுபட்டார். இது சிறிய விடுதலையன்று. ஆனால் அன்றிலிருந்து அவர் "அரசாங்கச் சம்பளக்காரர்" ஆனார். ஊர்மக்கள் நெல்லும் காய்கறியும் கொடுத்துப் பேணிய சட்டம்பியாரைப் பார்த்த கண் வேறு. மாதம் முடியச் சம்பளம் எடுப்பவரைப் பார்க்கும் கண் வேறு. சட்டம்பியாரின் வறுமையைக் கொண்டாடுவாரும் நம்மிடையே உளர். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

பாடசாலைகள் மூடப்படுவதும் நமக்குப் புதிதன்று. 1942 ஏப்ரலில் யப்பானியர் கொழும்பிற் குண்டு வீசிய காலத்திற் கொழும்புக் கல்லூரிகள் பல தம் கட்டடங்களைப் படையினரிடம் விட்டு உள்ளூர்களுக்குப் பெயர்ந்தன. வடக்குக்கு அந்த அனுபவம் மிகப் பெரிய அளவில் 1995இல் வந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமம் முழுவதும் ஓரிரவில் எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்தது. இடம்பெயர்ந்த பாடசாலைகள் அங்குள்ள பாடசாலைகளில் நேரம் பகிர்ந்து நடந்தன. ஒரு பாடசாலை காலையில், மற்றொன்று மாலையில்; இடம் போதாதபோது மரநிழலில். மண்ணெண்ணெயும் கடதாசியும் கிடைத்தற்கரிய பொருள்களாயிருந்த காலம் அது. ஜாம் போத்தல் விளக்கிற் படித்த தலைமுறை அந்த ஆசிரியர்களை இன்றும் நன்றியோடு பேசுகின்றது. ஒருவரும் அவர்களைச் சோம்பேறிகள் என்றதில்லை.

ஏன் என்று எண்ணிப் பார்த்தேன். அவர்களிற் பலர் செய்தது பெருந்தியாகம் என்பதிற் சந்தேகமில்லை. ஆனால் அத்தியாகம் மரத்தடியில் நடந்தது. போவோர் வருவோர் கண்டனர். ஆசிரியரின் கிழிந்த சப்பாத்தையும் மழையில் நனைந்த இடாப்பையும் ஊர் கண்டது. 2020இல் நடந்த வேலையோ உள்ளங்கையளவு கண்ணாடிக்குள் நடந்தது. அதை வீட்டிலிருந்தவர்கள்கூட வேலையென்று கருதவில்லை. "எந்த நேரமும் போனோடுதான்" என்று குறைப்பட்டார்கள்.

அந்த வேலை என்ன என்பதைச் சற்று விரித்துரைப்பது தகும். முதலில், கருவி ஆசிரியருடையது. டேட்டாவுக்கான ரீலோட்டும் ஆசிரியருடையது. சூம் என்ற பெயரை அதற்குமுன் கேட்டறியாத, ஓய்வுக்கு மூன்று ஆண்டே இருந்த ஆசிரியைகள், தம் பேரப்பிள்ளைகளிடம் கற்று வகுப்பெடுத்தார்கள். சூம் இயலாதவிடத்து வாட்ஸ்அப் குழு. பாடத்தைக் குரலிற் பதிவுசெய்து அனுப்புவோம். பிள்ளைகள் எழுதிப் படமெடுத்து அனுப்புவார்கள். நாற்பது பிள்ளைகள், பிள்ளைக்கு இரண்டு பக்கமென்றால் எண்பது படங்கள். சில தலைகீழானவை, சில இருட்டில் எடுத்தவை. தொலைபேசி தந்தையின் கையில் இருப்பதால் அவர் வீடு திரும்பிய பின்னரே பிள்ளை எழுதும். ஆகவே ஆசிரியரின் வேலை இரவு எட்டு மணிக்குத் தொடங்கும். இதற்கிடையில் எத்தனை பேர் பாடத்தைப் பெற்றனர், எத்தனை பேர் பெறவில்லை என்று வலயத்துக்குப் படிவம் நிரப்பவேண்டும். ஒரே விவரத்தை வெவ்வேறு படிவங்களிற் கேட்டார்கள். உண்மையைச் சொன்னால், கற்பித்தலிலும் பார்க்க இப்படிவங்களே பலரைக் களைக்கச் செய்தன.

நம் நாட்டு ஆசிரியருள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் பெண்கள். பாடசாலை திறந்திருந்த நாளில், காலை ஏழரை மணிமுதல் ஒன்றரை மணிவரை அவர்களுக்கு ஒரு வேலை. வீட்டில் மற்றொரு வேலை. பாடசாலை மூடப்பட்டபோது இரண்டும் ஒரே அறையில், ஒரே வேளையில் நடந்தன. அடுப்பில் உலை, மடியிற் குழந்தை, காதில் ஏழாம் வகுப்பு. வகுப்பின் நடுவே குக்கர் கூவியதைக் கேட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து தானும் சிரித்ததாகச் சக ஆசிரியை ஒருவர் சொன்னார். பின்னர் கழிவறைக்குட் சென்று அழுததையும் அவரே சொன்னார்.

எவ்வளவு பாடுபட்டும் பாதிப் பிள்ளைகளை எட்ட முடியவில்லை என்பது இன்னொரு சுமை. இலங்கையில் அப்போது ஐந்தில் ஒரு வீட்டுக்குச் சற்று மேலாகத்தான் கணினி இருந்தது. தோட்டங்களில் நூற்றுக்குப் பத்து வீட்டிற்கூட இல்லை. ஊவா மாகாணத்துக் கிராமமொன்றின் பிள்ளைகளும் ஆசிரியையும் 2021இற் காட்டினூடாக நடந்து, அலைவரிசை கிடைக்கும் பாறையுச்சிக்கு ஏறிய செய்தி உலகப் பத்திரிகைகளில் வந்தது. படத்தைக் கண்டோர் வியந்தனர். அதில் வியக்க என்ன இருக்கின்றது? நாட்டின் ஏற்றத்தாழ்வு அன்று பாறைமேல் ஏறி நின்றது, அதனாற் கண்ணிற்பட்டது.

இனி, வசையின் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. "பாடசாலைக்குப் படிப்பிக்கமாட்டார், ரியூசனுக்குப் படிப்பிப்பார்" என்றனர். நன்னூலார் நல்லாசிரியனுக்கு நிலத்தையும் மலையையும் நிறைகோலையும் மலரையும் உவமை கூறினார் என்பது பலரும் அறிந்தது. ஆசிரியராகத் தகாதவருக்கு அவர் கூறிய உவமைகளுள் முடத்தெங்கு ஒன்று என்பதைப் பலர் மறந்துவிட்டனர். ஒருவர் நீர்வார்த்து வளர்க்க, வளைந்துபோய் அடுத்தவர் வளவிற் காய் சொரியும் தென்னை அது. இணையவழித் தனியார் வகுப்பிற் பணம் ஈட்டிக்கொண்டு தம் பாடசாலைக் குழுவில் ஒரு பாடமும் இடாத சிலர் இருந்தனர். அவர்களை முடத்தெங்கு என்றால் நான் மறுக்கமாட்டேன். ஆனால் அவர்கள் எத்தனை பேர்? ஆரம்பப் பிரிவு ஆசிரியைக்கும், சித்திரமும் சங்கீதமும் கற்பிப்பவருக்கும், தோட்டப் பாடசாலை ஆசிரியருக்கும் எந்தச் சந்தையிலே ரியூசன்? நகரங்களில் ஆயிரக்கணக்கில் மாணவரைச் சேர்க்கும் உயர்தர வகுப்பாசிரியர் பலர் அரசாங்க ஆசிரியரே அல்லர். தோப்பில் நாலு மரம் வளைந்ததைக் காட்டித் தோப்பையே பழிப்பது நியாயமன்று.

2020 ஒக்டோபரில் நோய் மீண்டும் பரவியபோதும் ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சையும் உயர்தரப் பரீட்சையும் நடந்தன. மண்டபங்களில் முகக்கவசத்தோடு மேற்பார்வை செய்தவர்கள் ஆசிரியர்களே. அதைப் பற்றி எவரும் பேசவில்லை. 2021 ஏப்ரல் இறுதியிற் பாடசாலைகள் மறுபடி மூடப்பட்டன. ஜூலை 8ஆந் திகதி, கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்தை எதிர்த்துப் பாராளுமன்றத்துக்கு அருகில் நின்றோர் கைதாகினர். அவர்களுள் இலங்கை ஆசிரியர் சங்கச் செயலாளர் ஜோசப் ஸ்டாலினும் ஒருவர். நீதிமன்றம் பிணை வழங்கிய பின்னரும் தனிமைப்படுத்தல் என்ற பெயரில் முல்லைத்தீவு கேப்பாப்புலவு விமானப்படை முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 2017இற் காணி மீட்க மக்கள் இரவுபகலாக வீதியிற் கிடந்த அதே கேப்பாப்புலவு.

ஜூலை 12ஆந் திகதியிலிருந்து ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலை நிறுத்தினர். போராட்டம் விரைவிலே பழைய சம்பள முரண்பாட்டின்மேல் வந்து நின்றது. ஆசிரியர் சேவை 1994இல் அமைக்கப்பட்டது. 1997ஆம் ஆண்டின் சம்பளச் சீரமைப்பில் ஆசிரியரும் அதிபரும் ஒத்த தரத்திலிருந்த பிற சேவைகளுக்குப் பின்னே தள்ளப்பட்டனர். இருபத்துநான்கு ஆண்டுகளாகக் கேட்டும் கிடைக்காத தீர்வு அது.

அப்போதுதான் ஒரு விந்தை நிகழ்ந்தது. நேற்றுவரை "ஒன்றும் செய்யவில்லை" என்று ஏசப்பட்டவர்கள் வேலையை நிறுத்தியவுடன், "பிள்ளைகளின் கல்வியைப் பணயம் வைக்கிறார்கள்" என்று ஏசப்பட்டனர். ஒன்றும் செய்யாதவர் எதனை நிறுத்தமுடியும்? பதினாறு மாதம் கண்ணுக்குத் தெரியாதிருந்த உழைப்பு, இல்லாமற் போனபோதுதான் தெரிந்தது. செப்ரெம்பரில் அதே மேசனார் வீட்டு வாசலுக்கு வந்தார். "பெடியன் ஒன்றும் படிக்கிறானில்லை சேர். எப்ப துவங்குவீங்கள்?" என்றார்.

நான் வேலைநிறுத்தத்தில் நின்றேன். அதற்காக வருந்தவில்லை. ஆனால் அவர் முகத்தை நேரே பார்க்கவும் இயலவில்லை. முதலாளியின் இயந்திரத்தை நிறுத்தும் தொழிலாளிக்கு நட்டம் யாருடையது என்பது தெளிவு. ஆசிரியர் நிறுத்தும்போது நட்டப்படுபவர் அமைச்சரின் பிள்ளையல்லர். அப்பிள்ளை சர்வதேசப் பாடசாலையில் தடையின்றிப் படித்துக்கொண்டிருக்கும். நட்டம் மேசனின் பிள்ளைக்கு. இந்த உண்மையை நம் சங்கங்கள் போதிய அளவு பேசவில்லை. பெற்றோரிடம் போய் நம் கணக்கை விளக்கியிருக்கவேண்டும். படிவங்களை நிரப்பிய பொறுமையில் நாலிலொரு பங்கு அதற்குப் போதும்.

அரசாங்கம் செப்ரெம்பருக்கும் ஒக்டோபருக்கும் ஐயாயிரம் ரூபா தருவதாகச் சொன்னது; சங்கங்கள் மறுத்தன. ஒக்டோபர் 21ஆந் திகதி சிறு பாடசாலைகள் திறக்கப்பட்டன. ஆசிரியர்கள் 25ஆந் திகதி திரும்பினர். நவம்பரில் வந்த வரவுசெலவுத்திட்டம் மூவாயிரங்கோடி ரூபாவை இதற்கென ஒதுக்கியது. கேட்டதில் மூன்றிலொரு பங்குதான் அது. எஞ்சிய இரண்டு பங்குக்காக 2024 ஜூனிலும் ஆசிரியர்கள் சுகவீன விடுமுறைப் போராட்டம் நடத்தினர். கிடைத்த ஒரு பங்கையும் 2022ஆம் ஆண்டின் விலையேற்றம் சில மாதங்களிலேயே விழுங்கிவிட்டது. அவ்வாண்டு ஜூனில் எரிபொருள் இன்மையாற் பாடசாலைகள் மீண்டும் மூடப்பட்டபோது, பழைய வசை சிறிதும் மாறாமல் மீண்டும் வந்தது.

மேசனாரின் மகன் ஒக்டோபர் 25இல் வரவில்லை. தந்தைக்கு வேலை கிடைத்த நாளிலிருந்து அவனும் கூடப்போய்ச் சீமெந்து குழைத்துக்கொண்டிருந்தான். இரண்டாங் கிழமை நான் வீட்டுக்குப் போய்ப் பேசியபின் வந்தான். விரல்கள் வெடித்திருந்தன, பேனாவைப் பிடிக்கச் சிரமப்பட்டான். "விட்டதெல்லாம் எங்கையிருந்து துவங்கிறது சேர்?" என்று கேட்டான். அவன் அனுப்பிய படங்கள் என் தொலைபேசியில் அழியாமல் இருந்தன. கடைசிப் படம் சார்பெழுத்துப் பாடத்தின் இரண்டாம் பக்கம்; மூன்றாம் பக்கம் கொப்பியில் வெறுமையாகக் கிடந்தது. சாதாரண தரப் பரீட்சை 2022 மே 23ஆந் திகதி தொடங்கியது. அன்று காலை அவனைப் பரீட்சை மண்டப வாசலிற் சைக்கிளில் ஏற்றிவந்து இறக்கியவர் அவனுடைய தந்தை. என்னைக் கண்டு தலையசைத்துவிட்டு வேலைக்குப் போனார்.