நுங்கம்பாக்கத்து மழைக்கணக்கு

ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் நம்மூர்த் திண்ணைகளில் இரு குரல்கள் எழுகின்றன. 'இதைவிடப் பெரிய மழையை எல்லாம் நாங்கள் கண்டிருக்கிறோம்' என்பது ஒன்று. 'பருவநிலை மாறிவிட்டது, இனி எல்லாம் இப்படித்தான்' என்பது மற்றொன்று. முன்னதற்கு நினைவு ஆதாரம். பின்னதற்கு அச்சம் ஆதாரம். இரண்டையும் சற்றே ஒதுக்கிவைத்துவிட்டு, இவ்வினாவை வரலாற்றின் முன் வைத்துப் பார்ப்போம். இதற்குச் சென்னை நகரத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை. இந்திய மண்ணில் மிக நீண்ட காலமாக மழை அளக்கப்பட்டுவரும் ஊர்களுள் அது ஒன்று.

வானம் திடீரென முகம் மாறுவது நமக்குப் புதிதன்று. பாண்டிய நாட்டைப் பன்னிரண்டு ஆண்டுகள் வாட்டிய பஞ்சத்தைப் பற்றி இறையனார் அகப்பொருள் உரை பேசுகிறது. ஆனால் அந்தப் பஞ்சத்தில் எவ்வளவு மழை குறைந்தது என்பதை எந்த உரையாசிரியரும் நமக்குச் சொல்ல இயலாது. இயல்பு எது, பிறழ்வு எது என்று பிரித்தறிய அளவு வேண்டும். அந்த அளவுக்கான அடித்தளம் 1792-இல் நுங்கம்பாக்கத்தில் இடப்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனி அமைத்த வானாய்வுக் கூடத்தின் கருங்கல் தூண் இன்றும் அங்குள்ள வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. தமிழ், தெலுங்கு, இலத்தீன் உள்ளிட்ட பல மொழிகளில் அதில் எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். விண்மீன்களைப் பார்க்க எழுந்த அக்கூடத்தில், நாளடைவில் மழையையும் அளந்து எழுதி வைக்கத் தொடங்கினர்.

அக்கணக்கு முதன்முதலாகப் பெரிய வாதம் ஒன்றுக்குப் பயன்பட்டது தாது வருஷப் பஞ்சத்தின்போதுதான். 1876-இல் மழை பொய்த்தது. அடுத்த இரண்டாண்டுகளில் தென்னிந்தியாவில் மட்டும் பல இலட்சம் மக்கள் மாண்டனர். 1877-இல் வில்லியம் ஹண்டர் என்ற ஆங்கிலேய அதிகாரி, 1813 முதல் சேர்ந்திருந்த சென்னையின் மழை அளவுகளைச் சூரியப் புள்ளிகளின் ஏற்ற இறக்கத்தோடு பொருத்திப் பார்த்தார். ஏறத்தாழப் பதினோரு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிக் குறையும் அப்புள்ளிகளே மழையின் போக்கையும் பஞ்சத்தையும் காட்டுகின்றன என்பது அவர் கண்ட முடிவு. பஞ்சத்தை முன்கூட்டியே அறிய வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில் எழுந்த ஆய்வுதான் அது. ஆயினும் அறுபத்துச் சொச்சம் ஆண்டுகளின் கணக்கு, அத்தனை பெரிய முடிவைத் தாங்கப் போதவில்லை. பின்னாளில் அக்கோட்பாடு நிலைக்கவில்லை.

வானத்தில் காரணம் தேடிய அதே மாதங்களில் மண்ணில் நடந்தது வேறு. பஞ்ச நிவாரணப் பணிகளில் உழைத்தோரின் நாட்கூலியை ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் என ரிச்சர்டு டெம்பிள் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. அதில் உழைப்பாளியின் உயிர் நில்லாது என்று சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். இந்தியாவிலிருந்து தானிய ஏற்றுமதியோ நிற்கவில்லை. மழை பொய்த்தது இயற்கையின் செயல். அது இத்தனை சாவுகளாக மாறியது ஆட்சியின் செயல்.

அப்பஞ்சத்துக்கு வானம் தந்த காரணம் இன்று ஓரளவு தெளிந்திருக்கிறது. 1904-இல் இந்திய வானிலைத் துறைத் தலைவராக வந்த கில்பர்ட் வாக்கர், உலகின் பல பகுதிகளின் காற்றழுத்த அளவுகளைத் திரட்டி, பசிபிக்கிலும் இந்தியப் பெருங்கடலிலும் காற்றழுத்தம் ஊஞ்சல்போல் மாறிமாறி ஏறி இறங்குவதைக் கண்டார். அது எல் நினோ என்னும் கடல் வெப்பமாற்றத்தோடு பிணைந்தது என்பதை 1969-இல் பியர்க்னஸ் விளக்கினார். 1877-78-இல் நிலவிய எல் நினோ நாம் அறிந்தவற்றுள் மிக வலியவற்றில் ஒன்று. ஆக, அன்றைய வறட்சி கொடியதாயினும் இயற்கையின் ஊசலாட்டத்துக்குள் அடங்கியதே.

இனி 2015-க்கு வருவோம். டிசம்பர் முதல் நாள் பெய்த மழையில் தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவாயிற்று. அடையாறு கரை மீறியது. நூறாண்டுக்கு ஒருமுறை பெய்யும் மழை என்று சிலரும், பருவநிலை மாற்றத்தின் கோர முகம் என்று சிலரும் கூறினர். நுங்கம்பாக்கத்தில் அன்று பதிவானது 29 செ.மீ. அதே இடத்தில் 1976 நவம்பரில் ஒரே நாளில் 45 செ.மீ. பெய்திருக்கிறது. பன்னாட்டு அறிஞர் குழு ஒன்று பழைய பதிவுகளையும் கணினி மாதிரிகளையும் கொண்டு அம்மழையை ஆராய்ந்து 2016-இல் முடிவை வெளியிட்டது. புவி வெப்பமாதலின் தடத்தை அதில் தெளிவாகக் காண முடியவில்லை என்றது அம்முடிவு. மேற்கு வங்கக் கடல் அதற்கு முந்தைய நாற்பது ஆண்டுகளில் பெரிதாகச் சூடேறாததை அவர்கள் ஒரு காரணமாகக் காட்டினர்.

இதைக் கண்டு 'எல்லாம் பழைய கதைதான்' என்று அமைந்துவிடுவது தவறு. 2022 மார்ச், ஏப்ரல் மாதங்களில் இந்தியாவையும் பாகிஸ்தானையும் தாக்கிய வெப்ப அலையை இதே முறையில் ஆராய்ந்தபோது, மனிதர்களால் நேர்ந்த வெப்பமாதல் அதன் வாய்ப்பை ஏறத்தாழ முப்பது மடங்கு கூட்டியிருந்தது தெரியவந்தது. ஒரே அளவுகோல் ஒன்றுக்கு 'இல்லை' என்றது, மற்றொன்றுக்கு 'ஆம்' என்றது. இரண்டாவது விடையை நாம் நம்பலாம் என்பதற்கு முதல் விடையின் நேர்மையே சான்று.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. 1992-இல் மாஞ்சோலை மலையின் காக்காச்சியில் 96.5 செ.மீ. பெய்ததுண்டு. ஆனால் அது மலை; இது மழை குறைந்த கடற்கரைச் சமவெளி. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 விழுக்காடு கூடுதலான நீராவியைத் தாங்கும் என்பது இயற்பியல். தாயம் ஆடுவோர் கையில் பன்னிரண்டு விழுவது இயல்பு. காயின் ஒரு பக்கத்தைச் சற்றே கனமாக்கிவிட்டால் பன்னிரண்டு அடிக்கடி விழும். ஒருமுறை விழுந்ததை மட்டும் வைத்துக் காயைக் குறைசொல்ல இயலாது. பலமுறை ஆடிக் கணக்கு வைத்தவனுக்கே அது புலப்படும்.

ஆகவே வினாவுக்கு ஒற்றை விடை இல்லை. ஒவ்வொரு மழைக்கும் ஒவ்வொரு வெயிலுக்கும் தனித்தனியே கணக்குப் பார்த்தாக வேண்டும். ஆனால் அந்த விடை எதுவாயினும் நம் பொறுப்பு குறைவதில்லை. 1877-78-இல் பட்டினி கிடந்தோர் நிவாரணக் கூலிக்கு வெட்டிய வாய்க்கால் ஒன்று கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிறது. பஞ்சகால ஆளுநரின் பெயரால் அதைப் பக்கிங்காம் கால்வாய் என்கிறோம். அதன் நடுவே பறக்கும் ரயிலுக்குத் தூண்களை நட்டோம். பள்ளிக்கரணைச் சதுப்பின் பெரும்பகுதியைத் தூர்த்தோம். 2015-இன் நீர் போக வழி தேடியபோது அந்த வழிகளில் நாமே நின்றுகொண்டிருந்தோம். மழையின் கணக்கை நுங்கம்பாக்கத்தில் இருநூறு ஆண்டுகளாக எழுதி வருகிறோம். நிலத்துக்கு நாம் செய்ததன் கணக்கையும் அதன் அருகிலேயே எழுதி வைத்திருந்தால், வானத்தை நோக்கி வினாத் தொடுக்கும் முன் சற்றுத் தயங்கியிருப்போம்.