மஞ்சள் நூலும் ஒட்டுத்துணியும்

சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பனாகக் கும்பிடப்பட்டு வந்த சிலை புத்தருடையது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2022-ல் தீர்ப்பளித்தது. துண்டான தலையை சிமெண்டும் சுண்ணாம்பும் வைத்து ஒட்டியிருந்த சிலை அது. ஆத்தூர் பக்கம் தியாகனூரிலும் பெரிய புத்தர் சிலைகள் உண்டு. அப்படியென்றால் ஒரு காலத்தில் இந்தச் சமவெளியில் பிக்குகள் நடமாடியிருக்க வேண்டும். அவர்களுக்கு விதிக்கப்பட்ட உடை என்ன தெரியுமா? ஒட்டுப்போட்ட துணிதான்!

பிக்குகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் பாலி நூலான விநயபிடகத்தில் இந்த உடையின் கதை இருக்கிறது. மகத நாட்டில் (இன்றைய பீகார்) நடந்து போகும்போது புத்தர் வரப்பு கட்டிய வயல்களைப் பார்க்கிறார். இதே மாதிரி ஓர் ஆடை செய்ய முடியுமா என்று ஆனந்தரைக் கேட்கிறார். ஆனந்தர் தைத்தே காட்டிவிடுகிறார். பெரிய துண்டும் சிறிய துண்டும் வயல்கள், இடையில் வரும் பட்டைகள் வரப்புகள். குப்பையிலும் சுடுகாட்டிலும் கிடைத்த துணிகூட இதற்கு ஆகும். வெட்டித் தைத்ததை அடுத்தவன் ஆசைப்படமாட்டான் என்பதும் ஒரு காரணம். வணிகவியல் பாஷையில் சொன்னால், மறுவிற்பனை மதிப்பு பூஜ்யம்.

ஆனால் விலை போகாத துணிதானே என்று ஏனோதானோவெனத் தைக்கவிடவில்லை. ஒட்டுத்துணியில் சின்னப் பிசகும் பெருகிவிடும். ஒரு தையலுக்கு அரைக்கால் அங்குலம் கூடுதலாகப் போனால் எட்டுத் தையலில் ஓர் அங்குலம் காணாமல் போகும். இன்று அமெரிக்காவில் குவில்ட் தைப்பவர்கள் ஓரத்துக்குக் கால் அங்குலம்தான் என்று பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

விநயத்திலும் இதே தலைவலி! தையலுக்குத் தையல் இடைவெளி சமமாக இல்லை என்று பிக்குகள் முறையிட, அளவுக்குறி வைத்துக்கொள்ள அனுமதி கிடைக்கிறது. நூல் கோணலாகப் போகிறது என்றதும் வழிகாட்டிக் கோடு போட அனுமதி. விரலில் ஊசி குத்துகிறதா? அங்குஸ்தானும் சரி. கி.பி. 5-ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் இருந்து உரை எழுதிய புத்தகோசர் இதை இன்னும் விளக்குகிறார். அளவுக்குப் பனையோலைத் துண்டு போன்ற எதுவும் போதும். கோட்டுக்கு, தச்சர் மரத்தில் கரிநூல் போடுவதுபோல மஞ்சள் தோய்த்த நூல். மஞ்சள் மண்டிக்குப் பேர்போன சேலம், நாமக்கல் பக்கத்து ஆட்களுக்கு இந்த இடம் பிடிக்கும்.

துணி இழுபடாமல் இருக்க அதை ஒரு சட்டத்தில் விறைப்பாகக் கட்டித் தைத்தார்கள். அந்தச் சட்டத்துக்குப் பாலியில் 'கடினம்' என்று பெயர். இலங்கையில் மழைக்காலத் தங்கல் முடிந்ததும் நடக்கும் கடின விழாவுக்கும் அதே பெயர்தான். அந்த ஆடையை வெட்டி, தைத்து, சாயம் ஏற்றி ஒரே நாளில் முடித்துவிட வேண்டும்.