கவசமும் தறையாணியும்: சப்பிரகமுவத் தோட்டப்புறத்து இரும்பு வரலாறு பற்றிய சில சிந்தனைகள்

கவசம் என்னும் சொல்லைக் கேட்டதும் தமிழ் வாசகர் மனத்தில் எழுவன இரண்டு. ஒன்று, கர்ணன் உடலோடு பிறந்ததும் பின்னர் இந்திரனுக்குத் தானமாக அறுத்துக் கொடுத்ததுமான கவசம். மற்றையது, உறுப்புறுப்பாகப் பெயர் சொல்லிக் காக்குமாறு இறைவனை வேண்டும் கவசப் பாடல். இவ்விரண்டிலும் கொல்லனுக்கு இடமில்லை. பதிற்றுப்பத்திலே கவசத்தைக் குறிக்கும் ‘மெய்ம்மறை’ என்னும் சொல்லும் வீரர்க்குக் கவசம் போன்று நிற்கும் அரசனுக்கே ஆகி வருகின்றது. கவசத்தை அணிந்தவன் இலக்கியத்தில் நிலைபெற்றான். அதனைச் செய்தவன் நிலைபெறவில்லை. இரும்பு செய்த கைகளின் வரலாற்றை அறிய விரும்புவோர் வேறு சான்றுகளை நாடவேண்டியுள்ளது. அத்தகைய சான்றுகள் சிலவற்றை இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களை உள்ளடக்கிய சப்பிரகமுவவை மையமாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழைய முறையிலே உலோகக் கவசங்களைத் தம் கையாற் செய்வதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் இன்று உலகின் பல பாகங்களிலும் உளர். 1966ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பேர்க்லி நகரிலே மத்தியகால வாழ்க்கையை மீட்டு நடித்துக் காட்டும் சங்கமொன்று தோன்றியதன் பின் இப்பழக்கம் பெரிதும் பரவிற்று. இவர்கள் செய்பவற்றுள் வளையக் கவசம் முக்கியமானது. மெல்லிய இரும்புக் கம்பியை உருளைக் கோலொன்றின்மீது சுருளாகச் சுற்றுவர். சுருளை நீளவாக்கில் வெட்ட, வாய் திறந்த வளையங்கள் கிடைக்கும். அவற்றைச் சூடாக்கி ஆறவிட்டு மென்மையாக்கி, இரு முனைகளையும் ஒன்றன்மேலொன்று படியவைத்துத் தட்டையாக்குவர். தட்டையான இடத்திற் சிறு துளையிட்டு, வளையத்தை அயலிலுள்ள நான்கு வளையங்களோடு கோத்து, துளையினுள் நுண்ணிய ஆணியைச் செருகி, இடுக்கியால் அழுத்தித் தறைவர். தொழிற்சாலைகளில் ‘றிவெற்று’ என்று வழங்கும் தறையாணி இதுவே. ஒரு சட்டைக்கு இருபதாயிரம் முப்பதாயிரம் வளையங்கள் தேவைப்படும்.

தறையாணி இடாது, வாய்களை ஒட்டவைத்து மட்டும் செய்யும் வளையங்களும் உள. ஈட்டிக் குத்து விழும்போது இவற்றின் வாய் பிரிந்துவிடும். அதனைத் தவிர்க்கத் தடித்த கம்பி வேண்டும். சட்டையின் பாரம் கூடும். தறைந்த வளையமோ மெல்லிய கம்பியிலேயே அவ்வலுவைத் தருகின்றது. வீரனின் தோளிலிருந்து குறையும் பாரம் கொல்லனின் கையில் உழைப்பாகச் சேர்கின்றது எனலாம். இவ்வுண்மையை நூல்களில் வாசித்து அறிவது வேறு. ஓரிரவு முழுவதும் இருந்து உள்ளங்கையளவு வலையைத் தறைந்து அறிவது வேறு. அவ்வாறு அறிந்த ஒருவர், பின்னர் அரசன் ஒருவன் கவசம் பூண்ட ஆயிரம் வீரரோடு சென்றான் என வாசிக்கும்போது, அக்கவசங்கள் எத்தனை பேரின் எத்தனை மாத உழைப்பு என வினவாமல் இரார். இப்பொழுதுபோக்கின் வரலாற்றுப் பயன் இதுவேயாம்.

இதே பொழுதுபோக்கின் முன்னோடி ஒருவரிலிருந்து சப்பிரகமுவ மலைகளுக்கு ஒரு நேரான வழி உண்டென்பது பலரும் கவனியாத செய்தி. 1857இல் ஒக்ஸ்போட் பல்கலைக்கழக மாணவர் கழக மண்டபத்தின் சுவர்களில் ஆர்தர் மன்னனின் கதையை ஓவியமாகத் தீட்டிய குழுவில் இளைஞர் வில்லியம் மொறிஸ் இருந்தார். மாதிரிக்காகத் தலைக்கவசமொன்றையும் வளையச் சட்டையொன்றையும் தாமே வடிவமைத்து, கோட்டையருகே பட்டறை வைத்திருந்த கொல்லனொருவரிடம் செய்வித்தார். தலைக்கவசத்தை அணிந்து பார்த்தபோது அதன் முகமூடி திறவாது சிக்கிக்கொள்ள, அவர் உள்ளிருந்து கத்திக் குதித்ததை நண்பர் பேண்-ஜோன்ஸ் பின்னர் நகைச்சுவையோடு நினைவுகூர்ந்துள்ளார். விளையாட்டாகத் தொடங்கிய கைவினை நாட்டம் மொறிஸைப் பிற்காலத்திற் சமதர்மவாதியாக்கியது. உழைப்பிலிருந்து மகிழ்ச்சியைப் பிரித்தமையே முதலாளித்துவத்தின் பெருங்குற்றம் என்பது அவர் கண்ட முடிபு.

அவருடைய கருத்துகளால் ஈர்க்கப்பட்டோருள் ஒருவர் ஆனந்த குமாரசுவாமி. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் பணிப்பாளராக விளங்கிய இவர், பாறைகளைத் தேடிச் சென்ற இடங்களிலே கைவினைஞரைக் கண்டார். மத்தியகாலச் சிங்களக் கலை பற்றி 1908இல் அவர் வெளியிட்ட பெருநூல், மொறிஸ் முன்னர் பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே அச்சிடப்பட்டது. பலாங்கொடைப் பகுதியில் அக்காலத்தில் அருகி மறைந்துகொண்டிருந்த இரும்பு உருக்கும் தொழிலையும் உருக்குச் செய்யும் முறையையும் அவர் நேரிற் கண்டு அதில் விவரித்துள்ளார். காலால் மிதித்து இயக்கும் துருத்திகளால் உலையூதி இரும்பு பெறப்பட்டது. அவ்விரும்புத் துண்டுகளை ஆவாரை மரச் சிம்புகளோடு சிறு களிமண் மூசைகளில் அடைத்து, வாயை மூடிச் சூடாக்கியபோது, மரத்தின் கரிமம் இரும்பிற் சேர்ந்து உருக்காயிற்று. சேலம், மைசூர்ப் பகுதிகளிலும் உருக்குச் செய்வோர் ஆவாரையையே பயன்படுத்தினர் என்பது ஒப்புநோக்கத்தக்கது.

குமாரசுவாமி கண்டது ஒரு நீண்ட மரபின் கடைசிப் பக்கமேயாகும். அதன் முந்திய பக்கங்கள் பலாங்கொடைக்குத் தென்கிழக்கே, வளவை ஆற்றை மறித்துச் சமனலவெவ நீர்த்தேக்கம் அமைக்கப்பட்ட காலத்தில் வெளிப்பட்டன. கில் ஜூலெஃப் என்னும் தொல்லியலாளர் அங்குள்ள குன்றுகளின் மேற்கு நோக்கிய விளிம்புகளில் எழுபதுக்கும் மேற்பட்ட உலைக்களங்களை இனங்கண்டார். கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரையான இவ்வுலைகளில் துருத்தி இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று மலையைக் கடந்து இறங்கி வீசும் மாதங்களில், உலையின் தாழ்ந்த முன்சுவருக்கு மேலாகக் காற்று விரையும்போது உள்ளே அமுக்கம் குறைய, அடியிலுள்ள களிமண் ஊதுகுழல்கள் வழியே காற்று தானாகவே இழுக்கப்பட்டது. இயற்கைக் காற்றால் மட்டும் இத்தகைய வெப்பம் எய்த இயலாது என்பதே அதுவரை அறிஞர் பலரின் எண்ணமாயிருந்தது. 1994இல் அதே இடத்தில் அதே வடிவில் உலை கட்டி, பருவக்காற்றுக்காகக் காத்திருந்து, இரும்பை உருக்கிக் காட்டினர். உயர்கரிம உருக்கும் அதிற் கிடைத்தது. 1996இல் ‘நேச்சர்’ ஆய்விதழ் இதனை வெளியிட்டது. 9ஆம் நூற்றாண்டு அரபு அறிஞர் அல்-கிந்தி வாள்களைப் பற்றி எழுதிய நூலிலே சரந்தீபு உருக்கைக் குறிப்பிடுவதன் பொருள் இதனால் தெளிவாயிற்று. வளையம் தறையும் பொழுதுபோக்காளரும் உலை கட்டிய ஆய்வாளரும் கைக்கொள்ளும் முறை ஒன்றே: செய்து பார்த்து அறிதல்.

சப்பிரகமுவ மண்ணுக்கு இரும்புடை அணிந்த மனிதர் வந்தமை வேறொரு கதை. போர்த்துக்கேயரின் வருகையைக் கூறும் ‘இராஜாவலிய’, இரும்புச் சட்டையும் இரும்புத் தொப்பியும் அணிந்த வெண்ணிற மனிதர் துறைமுகத்தில் இறங்கியதைக் கண்டோர் வியப்புடன் கூறுவதாகச் சித்திரிக்கின்றது. பின்னர் கேகாலைப் பகுதியிலுள்ள மெனிக்கடவர அவர்களின் முக்கிய படைத்தளமாயிற்று. ஆயினும் மலையும் காடும் மழையும் கவசத்துக்கு உகந்தவையல்ல. ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் இரத்தினபுரிச் சரிவுகளிலே துருவுக்கு எதிரான போர் ஓய்வதில்லை. 1630இல் ஊவாப் படையெடுப்பின் முடிவில், ரந்தெனிவெலவிற் கனமழை வெடிமருந்தை நனைக்க, உள்நாட்டுப் படையினர் அணிமாற, தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா வீழ்ந்தான். அவன் படையைத் தோற்கடித்தவை நிலமும் காலநிலையும் மக்களின் பகைமையுமே.

பிரித்தானியர் காலத்திலோ இரும்பு வேறு வடிவிற் புகுந்தது. மலிவான இறக்குமதி இரும்பு உள்ளூர் உலைகளை அவித்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காடுகளை முடிக்குரிய நிலமாகக் கொள்ள வழிசெய்தது. உலைக்குக் கரி தந்த காடு தோட்டங்களுக்கென விற்கப்பட்டது. கோப்பியும், அதன் பின் தேயிலையும் இறப்பரும் எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானை, பலாங்கொடை எனப் பரந்தன. அங்கு உழைக்கத் திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து மக்கள் கொண்டுவரப்பட்டனர். சேலத்துச் சுதேச உருக்குத் தொழிலும் அதே நூற்றாண்டிலேயே நலிவுற்றதாகும். உருக்கியோரே கூலிகளாக வந்தனர் என்று கூறுவதற்கில்லை. ஆனால், உருக்குச் செய்த ஒரு நாட்டிலிருந்து உருக்குச் செய்த இன்னொரு நாட்டுக்கு வந்த மக்களின் கையில் எஞ்சிய இரும்பு, கவ்வாத்துக் கத்தியும் முள்ளும் பால்வெட்டுக் கத்தியுமே என்பது குடியேற்றவாதத்தின் இயல்பை நன்கு புலப்படுத்துகின்றது. தறையாணியும் தோட்டத்துக்கு வந்தது. ‘ஸ்டோர்’ என வழங்கிய தேயிலைத் தொழிற்சாலையின் கொதிகலங்களை அது இறுக்கியது; ஈயத் தாள் வேய்ந்து, விளிம்பிலே தகரப் பட்டை வைத்து அடித்த பெட்டிகளில் தேயிலை கப்பலேறிற்று. தோட்டத்திற் கவசம் பூண்டது தேயிலையே.

அம்மக்களும் கவசம் செய்தனர். மாசி மாதத்திற் காமன் கூத்து. வேறு காலங்களில் அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர். பகல் முழுவதும் கொழுந்தும் பாலும் எடுத்தவர்கள் இரவிலே ஒத்திகை பார்த்து, அட்டையும் மெல்லிய பலகையும் மினுக்குத் தாளும் கொண்டு முடியும் மார்புக் கவசமும் வாளும் செய்து, லயத்து முற்றத்தில் வீரராயினர். இதனைப் பொழுதுபோக்கெனக் கொள்வதில் தவறில்லை. ஆனால் மேனாட்டாரின் பொழுதுபோக்கோடு வைத்து நோக்கின் வேறுபாடு விளங்கும். மேனாட்டு அன்பர் உண்மை இரும்பில் இறந்தகாலத்தை மீட்கின்றார். தோட்டத்துக் கலைஞரோ கிடைத்த பொருளிலே நிகழ்காலம் மறுத்த மதிப்பை மீட்டார். துரைக்கும் கங்காணிக்கும் முன்னே குனிந்த தோள், அட்டைக் கவசத்தின் கீழே ஓரிரவு நிமிர்ந்தது. ஸி.வி. வேலுப்பிள்ளை போன்றோர் இம்மக்களின் பாடல்களைத் தொகுத்துக் காத்தனர். பாடலைக் காக்க ஏடு போதும். பொருளைக் காக்க இடம் வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் அவ்விடம் ஏது?

இடம் இருந்த இடத்திலும் பாதுகாப்பு இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றோராக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 150,000 பேரின் விதியைப் பின்னைக்கு ஒத்திவைத்தது. அருச்சுனன் ஒரு நாட்டுக்கும் கண்ணன் மறுநாட்டுக்குமாகக் கூத்துக் குழுக்களும் பிரிந்திருக்கும் என்பதை ஊகித்தல் கடினமன்று. 1977இலும், 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, கஹவத்தை, பலாங்கொடை, இறக்குவானைப் பகுதிகளிலும், மீண்டும் 1983இலும் லயங்கள் தாக்கப்பட்டன. பலர் வவுனியாவுக்கும் அதற்கப்பாலும் ஓடினர். சிங்கள உழைப்பாளியின் மூதாதையர் உருக்குச் செய்த குன்றுகளின் அடிவாரத்திலே தமிழ் உழைப்பாளி காக்க ஒன்றுமின்றி நின்றார். இரு சாராரையும் வறியராக்கிய வரலாறு ஒன்றே என்பதை எடுத்துரைப்பார் அன்று மிகச் சிலர்.

இன்று கவசம் மீண்டும் ஒரு பண்டமாகியுள்ளது. உலகச் சந்தையில் விலையாகும் தறைந்த வளையச் சட்டைகளிற் கணிசமானவை இந்தியப் பட்டறைகளில் உருவாகின்றன. 1943இல் டேராடூனிற் கத்தி செய்யத் தொடங்கிய நிறுவனமொன்று இன்று பழங்கால வாள்களையும் கவசங்களையும் ஏற்றுமதி செய்கின்றது. ஒருவருக்கு ஓய்வாகும் அதே வளையம் இன்னொருவருக்குக் கூலியாகின்றது. உழைப்பு எங்கே மகிழ்ச்சியாகும், எங்கே சுமையாகும் என்ற மொறிஸின் வினா, அவர் தலையிற் சிக்கிய முகமூடியைப் போல, இன்னும் திறக்கப்படாதுள்ளது.

சமனலவெவக்கு அருகே, பெலிகுல்ஓயாவில், 1995இல் நிறுவப்பட்ட சப்பிரகமுவப் பல்கலைக்கழகம் இயங்குகின்றது. அங்கும் ஏனைய பல்கலைக்கழகங்களிலும் பயிலும் தோட்டப்புற மாணவர் தொகை பெருகி வருகின்றது. அவர்கள் தம் பாட்டன்மாரிடம் கூத்துடுப்பு எதனால், எவ்வாறு, யார் கையாற் செய்யப்பட்டதெனக் கேட்டு, அவ்வாறே ஒன்றைச் செய்து பார்த்துப் பதிவுசெய்வார்களாயின் அது தக்க ஆய்வாக அமையும். காற்றுலையைக் கட்டிப் பார்த்த பின்னரே அதன் அறிவு உலகுக்குப் புலப்பட்டது. அட்டைக் கவசத்தின் அறிவும் அத்தகைய மதிப்புக்கு உரியது. அதனைச் செய்யத் தெரிந்த கைகள் இன்னும் சில லயங்களில் இருக்கும்போதே அம்முயற்சி தொடங்கப்படுதல் வேண்டும்.