கொல்லைப்புறத்தில் என்ன பரப்புவது? அரண்மனை மணல் முதல் பிளாஸ்டிக் புல் வரை

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வெறும் தரையில் என்ன போடலாம் என்று கேட்டால் சிரிப்பீர்கள். இதெல்லாம் ஒரு வரலாற்றுக் கேள்வியா என்பீர்கள். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு மாதமாக இதுதான் பஞ்சாயத்து. நாவலூரில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறம் 15 அடிக்கு 20 அடி. அதற்குச் சொந்தக்காரன் ஒரு நாட்டு நாய். "மொத்தமா சிமெண்ட் போட்ருங்க சார், கழுவி விட்டா முடிஞ்சுது" என்கிறார் மேஸ்திரி. அப்பாவுக்கு அடுக்குமாடி விளம்பரங்களில் வரும் பச்சைப் புல்வெளி மீது ஆசை. ஆயாவோ, மண்ணைக் கூட்டிப் பெருக்கினாலே போதும், எதுக்கு தண்டச் செலவு என்கிறார். மூன்று பேரும் மூன்று வேறு காலத்தைப் பேசுகிறார்கள் என்பது தேடிப் படித்த பிறகுதான் புரிந்தது.

முதலில் ஆயா கட்சி, அதாவது மண். நெடுநல்வாடையில் பாண்டியன் அரண்மனை முற்றம் வருகிறது. வேறிடத்திலிருந்து கொண்டுவந்த மணலைப் பரப்பிய முற்றம் அது. லாரி இல்லாத காலத்திலேயே மணல் இறக்கியிருக்கிறார்கள் பாருங்கள்! அந்தப் பாட்டு நடப்பது கூதிர் காலத்தில், மழையும் வாடையும் அடிக்கும் நாட்களில். அழகுக்காக மட்டும் மணல் பரப்பியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. மணல் தண்ணீரைக் குடித்துவிடும், சேறாகாது. நம்மூர் ஐப்பசி மழையில் பின்கதவைத் திறந்து பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

நாய்க்கும் நம் வரலாற்றில் இடம் உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. (மாமல்லபுரத்துக்குப் பெயர் தந்த நரசிம்மவர்மனின் அப்பாதான்.) மாடு பிடிக்கும் சண்டையில் இறந்த வீரனுக்கு எடுத்த கல்லில் அவன் பக்கத்தில் நாயும் நிற்கிறது. கோவிவன் என்று அதன் பெயரையும் வெட்டி, கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். 1,400 வருஷத்துக்கு முன்னால் ஒரு நாயின் பெயர் கல்லில்! அப்படிப்பட்ட பரம்பரைக்கு நாம் கொதிக்கிற சிமெண்ட் தரையைக் கொடுக்கலாமா?

வீட்டின் முன்வாசலுக்குச் சாணம் தெளித்துக் கோலம் போட்டார்கள். கொல்லைக்கு அந்த மரியாதை கிடையாது. கிணறு, துணி துவைக்கிற கல், கழுவுநீர் ஓடுகிற இடத்தில் வாழை, ஓரத்தில் முருங்கை. மற்றதெல்லாம் பெருக்கின மண் தரை. புல் முளைத்தால் பிடுங்குவார்கள், பூச்சி பொட்டு வரும் என்ற பயம். ஆக, வீட்டை ஒட்டிப் புல் வளர்ப்பது நம் பழக்கமே இல்லை. நமக்குப் புல் என்றால் அது மாட்டுக்கு.

புல்வெளி வெள்ளைக்காரர்களோடு வந்தது. கம்பெனிக்காரர்கள் கையில் காசு சேர்ந்ததும் செயின்ட் ஜார்ஜ் கோட்டையை விட்டு வெளியே வந்து எழும்பூர், நுங்கம்பாக்கம் பக்கம் தோட்ட வீடுகள் கட்டினார்கள். 1835ல் சென்னையில் வேளாண் தோட்டக்கலைச் சங்கமே தொடங்கிவிட்டார்கள். அதற்கு 5 வருஷம் முன்புதான், 1830ல், இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர் புல்வெட்டும் இயந்திரத்தைக் கண்டுபிடித்திருந்தார். துணி ஆலையில் கம்பளியின் மேல் பிசிறைச் சீவும் இயந்திரத்தைப் பார்த்து அவருக்கு வந்த யோசனை அது. அதுவரை புல்வெளி வைத்துக்கொள்ள அரிவாள் பிடிக்கும் ஆட்கள் வேண்டும், இல்லையென்றால் ஆட்டு மந்தை வேண்டும். அதாவது பிரபுவாக இருக்க வேண்டும். இங்கிலாந்தில் வருஷம் முழுக்கத் தூறல் விழும், புல் தானாக வளரும். நம்மூரிலோ அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கொட்டிவிட்டு, ஏப்ரல் மே மாதத்தில் வாட்டி எடுக்கும். அந்தப் புல்வெளியை இங்கே காப்பாற்றியது குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிய தோட்டக்காரர்கள்தான். இன்றைக்கு அந்தக் குடத்தின் இடத்தில் தண்ணீர் லாரி. 2019 கோடையில் ஓ.எம்.ஆர். கம்பெனிகள் தண்ணீர் இல்லாமல் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது ஞாபகம் இருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை. நர்சரிகளில் 'பெர்முடா' என்று ஒரு புல் விற்கிறார்களே, அது வேறொன்றுமில்லை, நம் பிள்ளையாருக்குப் போடும் அருகம்புல் குடும்பம்! அமெரிக்காக்காரன் அருகம்புல்லுக்கு வைத்த பெயர் அது. விளையாட்டு மைதானங்களுக்காக அருகையும் அதன் ஆப்பிரிக்க உறவுக்காரப் புல் ஒன்றையும் கலந்து ஜார்ஜியாவில் உருவாக்கிய 'டிஃப்வே' ரகம் 1960ல் வெளியானது. அருகின் தாவரவியல் பெயரான 'சைனோடான்' என்பதற்குக் கிரேக்கத்தில் நாய்ப்பல் என்று அர்த்தம். நாய்க்கும் இந்தப் புல்லுக்கும் பொருத்தம் பெயரிலேயே இருக்கிறது :-)

வயிறு சரியில்லாவிட்டால் நாய் அருகம்புல் தேடித் தின்னும் என்று ஆயா சொல்வார். 2008ல் கலிபோர்னியாவில் கால்நடை மருத்துவர்கள் நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டுப் பார்த்ததில், புல் தின்னும் நாய்களில் பெரும்பாலானவை அதற்கு முன் நன்றாகவே இருந்தன என்று தெரிந்தது. தின்றபின் வாந்தி எடுப்பவையும் நாலில் ஒன்றுக்கும் குறைவு. அதாவது புல் தின்பது நாயின் சாதாரணப் பழக்கம். அப்படியானால் தரையில் நாம் எதைப் போட்டாலும் அது வாய்க்குள்ளும் போகும்! இதை மறக்கக் கூடாது.

அடுத்து, இப்போது ஊரெல்லாம் பால்கனி முதல் மொட்டைமாடி வரை விரிக்கிற பிளாஸ்டிக் புல். இது பேர் வாங்கிய கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் அஸ்ட்ரோடோம் என்று கூரை போட்ட பெரிய ஸ்டேடியம் கட்டினார்கள். கூரையின் ஒளி ஊடுருவும் பலகைகள் வழியாக வந்த வெயில் ஆட்டக்காரர்களின் கண்ணைக் கூசச் செய்ததால் அவற்றுக்கு வண்ணம் பூசினார்கள். வெளிச்சம் குறைந்து உள்ளே இருந்த புல் செத்தது. அதனால் 1966ல் பிளாஸ்டிக் புல் விரித்தார்கள், அஸ்ட்ரோடர்ஃப் என்று பெயர் வந்தது. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கியே அதன் மேல் நடந்தது. புல்தரையில் ராஜாவாக இருந்த இந்தியா 7வது இடத்துக்குப் போன சோகம் தனிப் பதிவாக எழுத வேண்டிய விஷயம். இப்போதைக்கு நமக்கு வேண்டியது, வெயில் இல்லாத இடத்தில் பேர் வாங்கிய சரக்கை, வெயிலைத் தவிர வேறெதுவும் இல்லாத நாவலூரில் விரிக்கிறோம் என்பதுதான். கோடையில் அதன் மேல்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். நாய்க்குச் செருப்பு கிடையாது. அது அங்கேயே சிறுநீர் கழிக்கும், உறிஞ்ச மண் இல்லாததால் நாற்றம் தங்கும்.

மேஸ்திரியின் சிமெண்ட்டுக்கும் உள்ளூர்ப் பெருமை உண்டு. இந்தியாவில் சிமெண்ட் செய்யும் ஆரம்பகால முயற்சிகளில் ஒன்று 1904ல் சென்னையில் நடந்தது (ஓடவில்லை என்பது வேறு). கழுவ வசதி, உண்மைதான். ஆனால் 2003ல் எல்லாக் கட்டிடத்திலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் போட்ட மாநிலம் நம்முடையது. நம் பக்கம் ஏரி நிரம்பினால் உபரி நீர் கிழக்கே பக்கிங்காம் கால்வாய், கோவளம் முகத்துவாரம் என்று போக வேண்டும். நடுவில் இருந்த வயலெல்லாம் மனையாகிவிட்டது. 2015 டிசம்பரில் என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். 300 சதுர அடி மண் வெள்ளத்தைத் தடுத்துவிடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தெருவில் இருக்கும் எல்லா வீடும் அதே 300ஐ மூடினால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்?

சரி, எங்கள் தீர்ப்பு. வெயில் படும் பகுதிக்கு அருகம்புல். நிழலில் அருகு வராது. மாமரத்து நிழல் விழும் மூலைக்குக் 'கொரியன்' என்று விற்கும் ஜாய்ஸியா புல். அந்தக் குடும்பத்துப் புல் ஒன்று நம் கடற்கரை மணலிலேயே வளரும், அதனால் உப்புக் கலந்த போர் தண்ணீரையும் ஓரளவு தாங்கும். மதில் ஓரமாக 2 அடி அகலத்துக்குப் புல்லே கிடையாது. நாய் ரோந்து போகும் பாதை அது, என்ன நட்டாலும் மிதிபட்டுச் சாகும். அங்கே மணல். கடல் மணல் கூடவே கூடாது, உப்பு ஒரு பக்கம், கடலோர ஒழுங்குமுறை விதிகள் 1991லிருந்தே மணல் எடுப்பதைத் தடை செய்திருப்பது இன்னொரு பக்கம். எம்-சாண்டும் வேண்டாம், நொறுக்கிய கருங்கல் என்பதால் முனை கூர்மையாக இருக்கும்.

வீடு கட்டியபோது கொட்டிய செங்கல் துண்டு, ஆணி, கண்ணாடி எல்லாவற்றையும் கிளறி எடுத்து, சுமார் 6 அங்குலத்துக்குச் செம்மண்ணும் மணலும் மக்கிய எருவும் கலந்து நிரப்பி, தண்ணீர் வீட்டுச் சுவரை விட்டு விலகி ஓடும்படி சரிவு கொடுக்க வேண்டும். பிறகு வேரோடு கூடிய அருகங்கொடியை அரை அடிக்கு ஒன்றாக நட வேண்டும். எருவில் ஒரு எச்சரிக்கை: ஆமணக்குப் புண்ணாக்கு போடாதீர்கள். அதன் வாசனை நாயை இழுக்கும், அதில் இருக்கும் ரிசின் என்ற விஷம் உயிரையே வாங்கும். வேலியோரம் அரளியும் வேண்டாம். புல்லைக் குட்டையாக வெட்டி வைத்தால் உண்ணி அண்டுவது குறையும். சிறுநீர் பட்ட இடம் மஞ்சளாகக் கருகும், உடனே ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் தப்பிக்கும்.

அப்பாவுக்குப் பச்சை கிடைத்தது, ஆயாவுக்கு மதில் ஓரத்து மணல் கிடைத்தது. மேஸ்திரிக்குத் துணி துவைக்கும் கல்லைச் சுற்றி 4 அடி சிமெண்ட். புல் பிடிக்கும் வரை 2 மாதம் நாயை உள்ளே விடாமல் தட்டி கட்டி வைத்திருக்கிறோம். அவன் தினமும் தட்டிக்குக் கீழே பள்ளம் தோண்டிக்கொண்டிருக்கிறான்.