அணிகருவிகளில் நீர்புகாப் பொத்தான்கள்

ஸ்மார்ட் வாட்ச், உடற்பயிற்சிப் பட்டை முதலிய கருவிகளை உள்ளே ஈரம் புகாமல் இயக்க உதவும் பொத்தான், திருகு, தொடுபரப்பு ஆகியவை. கூட்டின் மற்ற மூட்டுகளைப் பசையிட்டு மூடிவிடலாம். பொத்தான் அசைந்தாக வேண்டும். ஆகவே பெரும்பாலும் அதுவே பலவீனமான இடம்.

சிக்கல் மின்னணுவியலுக்கு முந்தியது. ரோலெக்ஸ் 1926இல் ஆய்ஸ்டர் கடிகாரத்தின் சாவித் திருகை மரையிட்டுக் கூட்டோடு இறுக்கியது. மறு ஆண்டு நீச்சல் வீராங்கனை மெர்சிடிஸ் க்ளைட்ஸ் அதை அணிந்து ஆங்கிலக் கால்வாயில் நீந்தினார். ஆனால் மரைத் திருகைத் தண்ணீருக்குள் இயக்கக் கூடாது. நீந்தும்போதே அழுத்த வேண்டிய பொத்தானுக்கு இது உதவாது.

இன்று பரவலாக உள்ள அமைப்பில், பொத்தானின் தண்டைச் சுற்றி வெட்டிய பள்ளத்தில் ரப்பர் வளையம் அமர்கிறது. வளையம் துளைச் சுவரில் சற்றே நசுங்கியிருக்க வேண்டும். அதிகம் நசுங்கினால் பொத்தானை அழுத்துவது கடினமாகும், குறைந்தால் கசியும். கடல்நீர் உலர்ந்த உப்பும் வியர்வைப் படிவும் தண்டில் உராய்ந்து வளையத்தைத் தேய்க்கின்றன. நீந்திய பின் நல்ல தண்ணீரில் அலசுவது அவசியம்.

துளையே இல்லாதிருப்பதுதான் சிறந்த தீர்வு. பொத்தானில் காந்தத்தைப் பதித்து, சுவருக்கு உட்புறம் காந்தப்புலத்தை அறியும் ஹால் உணரியை வைக்கலாம். உலோகச் சுவர் நுண்ணளவில் வளைவதைக் கம்பிச்சுருளால் உணரவும் முடியும். மின்தேக்குத் தொடுதிரையிலும் துளையில்லை. ஆனால் நீர்த்துளியை விரலென்று அது தவறாகக் கொள்ளும். அதனால் பல கருவிகளில் நீச்சலின்போது திரை பூட்டப்படுகிறது.

இத்தகைய கருவிகளுக்குத் தரப்படும் ஐபி67 தரத்தின் நீர்ச் சோதனை என்பது 1 மீட்டர் ஆழ நன்னீரில் 30 நிமிடம் அசையாமல் வைத்துப் பார்ப்பது. அதில் பொத்தானை யாரும் அழுத்துவதில்லை.